பட்டாவுக்கு எடுத்த படம்

பெரிய பிரிண்டரிலிருந்து வரைபடம் மெல்ல ஊர்ந்து வெளியே வந்தது. ஷாஹீன் பச்சையாக வைத்திருந்த வீடுகள் எல்லாம் அதில் சிவப்பாக இருந்தன. மை தீர்ந்து நிறம் மாறிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். ஓரத்துக் குறிப்பைப் படித்ததும் அந்த ஆசையும் போய்விட்டது. ‘குடியிருப்பு’ என்று அவள் அடித்திருந்த இடத்தில் ‘ஏரி ஆக்கிரமிப்பு’ என்று இருந்தது. அடியில் ‘வரைபடம்: ஷாஹீன்’ என்ற வரியை மட்டும் யாரும் தொடவில்லை.

ஒன்றிய அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அவளை வேலைக்கு எடுத்தவர் சகாதேவன் சார். தேன் ஒழுகப் பேசுவார். அந்த 2003 கோடையில், அடி அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் வறண்டு கிடந்த ஏரியை ஒட்டிய வீடுகளை அளந்துவரச் சொன்னதும் அவர்தான். எல்லாருக்கும் வீட்டுமனைப் பட்டா கிடைக்கப்போகிறது என்றார். ஷாஹீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கையடக்கமான ஜி.பி.எஸ். கருவியை வானம் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும்வரை வாசல் வாசலாக வெயிலில் நின்றாள்.

முதல் நாள் நாயை ஏவிவிட்டார்கள். கிரிவலப் பாதையில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்கிற மணியம்மாள்தான் நாயை விரட்டி, அவள் கையைப் பிடித்து வீடு வீடாக அழைத்துப் போனாள். “நம்ம பொண்ணு. பட்டாவுக்கு எடுக்குது, குறுக்க நிக்காதீங்க” என்று எல்லாரிடமும் அடித்துச் சொன்னாள். மதியத்தில் களி கிண்டிப் போட்டாள். பட்டா கட்டாயம் வரும் என்று ஷாஹீனும் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தாள்.

அச்சாகி வந்த வரைபடத்தைக் கொண்டுபோய்ச் சகாதேவன் மேசையில் விரித்தாள். “பட்டாவுக்குன்னுதானே சார் சொன்னீங்க?”

சகாதேவன் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “அப்படிச் சொல்லலன்னா உள்ள உட்டிருப்பாங்களாம்மா? போன வருஷம் சர்வேயரக் கல்லால அடிச்சாங்க. உனக்குச் சோறு போட்டாங்க. அதுக்குத்தான் உன்ன அனுப்புனது.”

“நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன் சார்.”

“நீ குடுத்த. ஆபீஸ் குடுக்கலயே.”

வேலை தெரிந்தவள் என்று எடுத்திருக்கிறார் என இத்தனை நாள் நம்பியிருந்தாள். முகத்தைப் பார்த்து எடுத்திருக்கிறார். இந்த முகத்தைக் கண்டால் சனங்கள் கதவைத் திறப்பார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார். அறுபட்டது தன் கழுத்து மட்டுமில்லை என்பதைத்தான் அதைவிடத் தாங்க முடியவில்லை. மணியம்மாளிடம் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலையில் பஸ் ஏறினாள்.

அவளுக்கு முன்னால் நோட்டீஸ் போய்ச் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஈரம் காயாமல் ஒட்டியிருந்தது. பதினைந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். அடிபம்பைச் சுற்றிக் கூட்டம் கூடி நின்றது. நடுவில் மணியம்மாள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஷாஹீனைக் கண்டதும் மணியம்மாளின் பக்கத்து வீட்டுப் பலராமன் முன்னால் வந்தான். “தோ வந்துட்டா. இவள வீடு வீடா இட்டுக்கினு வந்தது யாரு? மணியம்மா, உம் பொண்ணுதானே?”

மணியம்மாளின் கை நிற்கவில்லை. குடம் நிறைந்து வழிந்தது.

“எம் பொண்ணா? யாரோ ஆபீசுப் பொண்ணு. வந்து வழி கேட்டுச்சு, காட்னேன். எனக்கின்னா தெரியும்?”

தான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால், நாளை முதல் இந்தக் கூட்டத்தில் ஒருவரும் மணியம்மாளோடு பேசமாட்டார்கள் என்று ஷாஹீனுக்குப் புரிந்தது.

“ஆமாங்க” என்றாள் பலராமனைப் பார்த்து. “இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. எல்லாம் நானாத்தான் எடுத்தேன்.”

கூட்டம் அவளை நோக்கித் திரும்பியது. மணியம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தளும்பத் தளும்பத் தன் வீட்டுக்கு நடந்தாள். அங்கே அவளுடைய ஆடு பின்னங்காலில் எழும்பி நின்று, மைதாப் பசையின் ருசிக்குக் கதவிலிருந்த நோட்டீஸைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அவள் அதை விரட்டாமல், குடத்தோடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.