கரும்புக்கட்டு முடிச்சு

பேய்க் கதை கேட்கிறவர்கள் எல்லோரும் ராத்திரியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் அப்பா உச்சிப்பொழுதில் வந்தார். ராத்திரியில் அவருக்குத் தூக்கம்தான் முக்கியம். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்கள் போய் வேலையைப் பாருங்கள். என் பெயர் பூமாலை, எனக்கு அப்போது பதினான்கு வயது. நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அப்பா பெயர் இருசப்பன். கல்வராயன் மலை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்துக்கு மேற்கே எங்கள் ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா, அம்மா ராஜாம்பாள், நான் மூன்று பேரும் அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டப் போவோம். அப்பா வெட்டுவார். நான் கரும்பின் இலையை, அதாவது சோகையை, உரிப்பேன். அம்மா கட்டு கட்டுவாள். அவள் கட்டுக்கு அந்தப் பக்கத்தில் பேர் உண்டு. பச்சைச் சோகையை இரண்டு பிரியாக முறுக்கி, கரும்பைச் சுற்றி இழுத்து, நுனியை முறுக்குக்கு அடியிலேயே செருகிவிடுவாள். இழுக்க இழுக்க இறுகும். அந்த முடிச்சை யாரும் அவிழ்ப்பதில்லை, கத்தியால் அறுப்பதோடு சரி.

அப்பாவுக்கு இருபத்து நாலு மணி நேரமும் விளையாட்டுத்தான். ஒரு தடவை மலை மேலிருந்து பலாப்பழம் வாங்கி வந்தவர், பஸ்ஸில் அதற்குத் துண்டால் தலைப்பாகை கட்டிப் பக்கத்தில் உட்கார வைத்து, "மாப்ளைக்கு ஒரு அரை டிக்கெட்டுங்க" என்று கண்டக்டரிடம் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதை என் முன்னால் இறக்கி வைத்தார். "பாரு கண்ணு, ஒனக்கு மாப்ள பாத்துட்டேன். மூஞ்சி கொஞ்சம் முள்ளு முள்ளாத்தான் இருக்கும். உள்ள தங்கம்" என்றார். நான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பழத்தை மட்டும் தின்றேன்.

பொங்கலுக்கு ஊரில் சாக்கு ஓட்டம் வைப்பார்கள். ஏழு வருஷம் தொடர்ந்து அப்பாதான் முதல். கரும்பு வெட்டும்போது கத்தி பட்டு அவருடைய இடது காலில் சுண்டுவிரல் போயிருந்தது. "ஒம்போது வெரலு ஆளு, ஜெயிச்சிட்டேன் பாத்தியா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். தை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே வாசலில் பழக ஆரம்பித்துவிடுவார். மூன்று தாவல், பிறகு சாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தாவல். தொப், தொப், தொப். உள்ளே அடுப்படியில் இருக்கும் அம்மா, "வயசு நாப்பதாவுது, இன்னா கூத்து இது" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பாள்.

அவருடைய இன்னொரு விளையாட்டு, செத்துப்போவது. மத்தியானம் நாங்கள் கஞ்சி எடுத்துக்கொண்டு போகும்போது கரும்புச் சாலுக்குள் கண்ணைப் பாதி திறந்தபடி மல்லாந்து கிடப்பார். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து கேலியாக ஒப்பாரி வைப்பாள். "இருந்தது ஒரு வேட்டி, அதுலயும் ஓட்ட, யாருக்கய்யா வச்சிட்டுப் போனீங்க" என்று அவள் இழுக்க இழுக்க, அப்பா சிரிப்பை அடக்குவார். முகத்தில் ஒன்றும் தெரியாது. கால் கட்டைவிரல் மட்டும் லேசாக ஆடும். அதைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. "ஆடுது, ஆடுது" என்று நான் கத்தியதும் எழுந்து உட்கார்ந்து கஞ்சிக்குக் கையை நீட்டுவார்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள் அப்படித்தான் கிடந்தார். அம்மா ஒப்பாரி வைத்தாள். நான் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடவில்லை. "இன்னைக்கு ரொம்ப ஜாஸ்தியா பண்றாரு, வுடு, பசிச்சா எழுந்துருப்பாரு" என்றாள் அம்மா. நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவருடைய பங்குக் கருவாட்டையும் எடுத்து அவர் மூக்குக்கு நேரே காட்டிவிட்டு நானே தின்றேன். கருவாடு என்றால் எப்பேர்ப்பட்ட விளையாட்டையும் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் ஒரு எறும்பு அவருடைய திறந்த கண்ணின் மேல் ஊர்ந்து போவதைப் பார்த்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நெஞ்சு நின்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, நீங்கள் கஞ்சி கொண்டு போகும் முன்பே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். அன்றிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நான் கருவாட்டைத் தொட்டதில்லை. டாக்டர் என்ன சொன்னால் என்ன?

மறுநாள் வீட்டில் கிடத்தியிருந்தபோது கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தார்கள். "நவுருங்க, நான் கட்றேன்" என்று அம்மா தன் மஞ்சள் புடவை ஓரத்தைக் கிழித்தாள். இரண்டு பிரியாக முறுக்கினாள். சுற்றி இழுத்தாள். நுனியை அடியில் செருகினாள். அவள் அழவில்லை. ஊரில் எந்த எழவுக்கும் முதல் ஒப்பாரி எங்கள் அம்மாவுடையதுதான். அன்றைக்கு ஒப்பாரி வைக்க வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு செல்லியம்மாள், "அழுதுடு ராஜாம்பா, அழுதுடு" என்று அவளைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். ஊரார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

எங்களில் புதைப்பதுதான் வழக்கம். குழியில் இறக்கியதும் கைக்கட்டு, கால்கட்டு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கட்டோடு போனால் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர முடியாது என்பார்கள். அதைச் செய்ய வேண்டியவர் அப்பாவின் தம்பி முனியன் சித்தப்பா. பெண்கள் இடுகாட்டுக்குப் போகக்கூடாது என்பதால் நானும் அம்மாவும் வீட்டில் இருந்தோம். பெரிய மழை பிடித்துக்கொண்டது. நனைந்து திரும்பி வந்த சித்தப்பா, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சி அண்ணி" என்றார். அம்மா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தார்கள். அன்றைக்கு உச்சிப்பொழுதில்தான் முதலில் கேட்டது. நான் உள்ளே படுத்திருந்தேன். வாய்க்கால் பக்கம் தொப், தொப், தொப். ஒரு நிறுத்தம். தொப், தொப், தொப். யாரோ பையன்கள் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் யாரும் இல்லை. எங்கள் நாய் வாய்க்காலைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சேற்றில் தடம் இருந்தது. நடந்த தடம் இல்லை. இரண்டு பாதமும் ஒட்டி, பக்கத்தில் பக்கத்தில், ஜோடி ஜோடியாகப் பதிந்திருந்தது. இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

நான் அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவள் குனிந்து ஒரு தடத்துக்குள் தன் கையை வைத்துப் பார்த்தாள். "சில்லுனு இருக்குது" என்றாள். அவள் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஒரு சிரிப்பு வந்தது. எனக்குத் தடத்தைவிட அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

பிறகு தினமும் வந்தார். ஐந்தாம் நாள் வாய்க்காலைத் தாண்டி வேலி வரைக்கும். எட்டாம் நாள் வாசல் வரைக்கும். வெயில் நட்ட நடுவில் நிற்கும், ஒரு இலை அசையாது. கோழிகள் மட்டும் யாருக்கோ வழி விடுகிற மாதிரி ஒதுங்கும். வாசல் மண்ணில் ஒரு ஜோடித் தடம் விழும், பிறகு அதற்கு முன்னால் இன்னொரு ஜோடி. ஆள் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்ப்பேன். அம்மா தலை வாரி, பூ வைத்து, ஒரு தட்டில் சோறும் கருவாடும் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டீங்களா, இன்னைக்கு இன்னா லேட்டு?" என்று பேசுவாள். அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவர் வராத நேரத்தில் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிப்பதில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. அப்பாவைப் புதைத்தாயிற்று, அம்மாவையும் இந்த மத்தியானங்கள் தின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்துபோனது. கருமாதியன்றைக்குத் தாலியைக் கழற்றி வாங்க வேண்டும் என்று பெரியவர்கள் பேச்செடுத்தபோது, "எதுக்கு? அவருதான் தெனம் வராரே" என்றாள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

பன்னிரண்டாம் நாள் நான் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் தடத்தைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

"அண்ணி, நான் பொய் சொல்லிட்டேன் அண்ணி. குழில தண்ணி எறங்கிச்சி. கால்கட்ட அவுக்கப் பாத்தேன், இழுக்க இழுக்க இறுகிச்சி. கத்தி எடுத்துக்கினு போவல. மேல இருந்தவங்க மூடு மூடுன்னு கத்தினாங்க. அவுத்துட்டேன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்."

அம்மா அசையவில்லை. "தெரியும் முனியா" என்றாள். "நான் கட்டின கட்டு எனக்குத் தெரியாதா? ஒன்னால அவுக்க முடியாதுன்னு தெரிஞ்சிதான் கட்டினேன்."

"ஏன்மா?" என்று நான் கேட்டேன்.

"அவுத்து வுட்டா போயிடுவாரு இல்ல?" என்றாள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

பதினான்காம் நாள் சத்தம் மாறிவிட்டது. மூன்று தாவல் இல்லை. ஒன்று, பிறகு நீண்ட நிறுத்தம். இன்னொன்று, அதற்குப் பிறகு எதையோ இழுக்கிற சத்தம். வேலிக்கும் வாசலுக்கும் நடுவில் தொபுக்கென்று யாரோ விழுகிற சத்தம். நான் எட்டிப் பார்த்தேன். மண்ணில் இரண்டு முழங்கால் பதிந்திருந்தது. முன்னால் இரண்டு உள்ளங்கை. பத்து விரலும் மண்ணைப் பிறாண்டியிருந்தன. அம்மா தட்டை வைத்துக்கொண்டு, "போதும் போதும், எழுந்து வாங்க, கருவாடு ஆறுது" என்று சிரித்தாள்.

எனக்குப் பயமெல்லாம் போய் ஆத்திரம் வந்தது. தட்டைத் தட்டிவிட்டேன். "வெளையாடலம்மா அவரு! வுழுந்து கெடக்கறாரு! அன்னிக்கும் வெளையாட்டுன்னு சொல்லித்தான ஒக்காந்து தின்னோம்! இன்னிக்கும் தின்னுவியா நீ?" என்று கத்தினேன்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அந்த உள்ளங்கைத் தடங்களை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிதறிய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். பொழுது சாயும் வரை அப்பாவின் வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் பதினைந்து. அடுத்த நாள் கருமாதி. உச்சிப்பொழுதில் அம்மா வாசலின் நடுவில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள், மடியில் கத்தி. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நாய் வாலை ஆட்டியது. கோழிகள் ஒதுங்கின. தொப். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தொப். தடம் தடுமாறித் தடுமாறி எங்களை நோக்கி வந்தது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் கடைசி ஜோடி பதிந்து, அங்கேயே நின்றது. ஈர மண் வாசம் அடித்தது.

அம்மா இரண்டு கையையும் நீட்டிக் காற்றில் தடவினாள். அவள் விரல்கள் எதையோ பிடித்துக்கொண்டன. பிடித்த மாதிரி இல்லை, நிஜமாகவே பிடித்தன; விரல்களுக்கு நடுவிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது.

"நோவுதா?" என்று கேட்டாள். "கொஞ்சம் ஆட்டாம வைங்க. வெட்டிடப் போவுது."

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டுக்குள் கத்தியை விட்டாள். அப்போது அவள் கை நின்றது. என்னைப் பார்த்தாள். அவள் கண் அகலமாக விரிந்தது.

"ஆடுது பூமாலை" என்றாள். "கட்டவெரலு ஆடுது."

ஒரே இழுப்பில் அறுத்தாள். மண்ணில் ஏதோ விழுந்தது. சேறு ஊறிய மஞ்சள் துணி, இரண்டு பிரி முறுக்கு, அறுந்து கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வலது பாதம் ஒன்று தனியாகப் பதிந்தது. கொஞ்சம் தள்ளி, சுண்டுவிரல் இல்லாத இடது பாதம். மறுபடி வலது. வெட்டு முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் நடக்கிற நடை. வாசலைக் கடந்து, மலை இருக்கும் பக்கமாக, வேலி வரைக்கும் போனது.

வேலி ஓரத்தில் தடம் நின்றது. அங்கே, கட்டு எதுவும் இல்லாமலே, இரண்டு பாதமும் சேர்ந்து தொப்பென்று ஒரு ஜோடி விழுந்தது. எங்களைப் பார்த்தபடி விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று மண்ணில் முகம் குப்புற விழுந்து, அந்த மஞ்சள் துணியை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டு, மலையில் மோதித் திரும்புகிற மாதிரி ஒரு குரல் எடுத்தாள். இருந்தது ஒரு வேட்டி என்று ஆரம்பித்தாள். அதே வரி. கேலி மட்டும் அதில் இல்லை.

சத்தம் கேட்டு செல்லியம்மாள் ஓடி வந்தாள். அம்மாவைத் தூக்கிப் பிடித்து, "இன்னாடி ராஜாம்பா, பதினஞ்சு நாளா வாயத் தொறக்காம இருந்துட்டு, இப்பத்தான் செத்தாப்பல அழுவுறியே" என்றாள்.

அம்மா வேலி ஓரத்துத் தடத்தைக் கையால் காட்டினாள்.

"இப்பத்தான்கா" என்றாள்.