பிளாக்கியின் பானையில் கோழி இல்லை

1

இந்தக் கதை இரண்டு கட்டுரைகளிலிருந்து பிறந்தது. இரண்டையும் எழுதிய பாவி நான்தான். ஒன்று ஞாயிற்றுக்கிழமை என் சொந்தப் பெயரில் வந்தது. ஜனாதிபதி மேல் இனவெறிப் பழி போடுகிறவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று சொன்னது. மற்றது புதன்கிழமை வேறொரு பத்திரிகையில் ‘ஆற்றங்கரையான்’ என்ற பெயரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதிய முட்டாளைக் கிழி கிழி என்று கிழித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், புதன்கிழமை எழுதும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. இப்படியா ஒரு மனிதன் எழுதுவான்?

இருபத்தேழு வருஷமாகத் தென் அமெரிக்காவின் கயானாவில், பெர்பிஸ் ஆற்றங்கரையில், நியூ ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறேன். வாத்தியாராக வந்தேன். இப்போது பத்தி எழுத்தாளன், அதாவது நாட்டில் யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவன். இரண்டு பத்திரிகைக்கும் ஆள் பஞ்சம். நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2

தொடக்கம் அ: அந்தச் சனிக்கிழமை வானம் கறுத்துக்

(நிறுத்து. இந்தக் கதையில் அந்தச் சொல்லை வானத்துக்குச் செலவழிக்கக் கூடாது.)

தொடக்கம் ஆ: பல இன மக்களும் ஒரு தாய் மக்களாய் வாழும் இந்த அழகிய

(பள்ளிக்கூட ஆண்டு விழாவா நடக்கிறது?)

தொடக்கம் இ: ஜனாதிபதி* சந்தைக்குப் புதுக் கூரை திறந்து வைக்க வந்தார். மேடையில் பேசிக்கொண்டே இருந்தவர், கூட்டத்தின் ஓரத்தில் கரண்டியும் கையுமாக நின்ற ஒருவரைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கியிலேயே கூப்பிட்டார்:

“ஏய் பிளாக்கி! எனக்குக் காந்தல் எடுத்து வச்சியா?”

கூட்டம் சிரித்தது. ஒருவர் அதைக் கைப்பேசியில் பிடித்தார். மாலைக்குள் நாடு இரண்டாகிவிட்டது.

இ போதும். இதுவே தொடக்கம்.

* இவர் நான் செய்த ஜனாதிபதி. நிஜத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரையும் இவருக்குள் தேடாதீர்கள்.

3

பிளாக்கி சந்தை வாசலில் குக்-அப் விற்கிறவர். அரிசி, காராமணி, தேங்காய்ப்பால், உப்பிட்ட மாட்டிறைச்சி எல்லாம் ஒரே பானையில் வேகும். அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் அடிதடி. ஜனாதிபதியும் அவரும் சின்ன வயதில் ஒரே பெஞ்சு. ஜனாதிபதியின் முன்னோர் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள். பிளாக்கியின் முன்னோர் அதற்கு முன்பே ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டவர்கள். எங்கள் நாட்டில் ஓட்டை எண்ணுவதற்கு முன்பே முகத்தை எண்ணிவிடுவார்கள். அதனால்தான் ‘பிளாக்கி’ என்ற ஒரு சொல் இவ்வளவு தூரம் உருண்டது.

ஆனால் இங்கே யாருக்குத்தான் கூப்பிடுபெயர் இல்லை? சோம்பேறிக்கு ஒன்று, சொட்டைத் தலைக்கு ஒன்று. பரமக்குடியில் பிறந்து, விமானம் ஏறுவதற்காக மட்டுமே சென்னையைப் பார்த்த எனக்கு ‘மெட்ராஸ்’. சரியான பெயர் பள்ளிப் பதிவேட்டில் தூங்கும். சாவு அறிவிப்பை வானொலியில் படிக்கும்போது சரியான பெயரைச் சொன்னால் ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். ‘மொட்டை என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட’ என்று வந்த பிறகுதான், “ஐயோ, நம்ம மொட்டையா!” என்று தெருவே எழுந்திருக்கும்.

இதைத்தான் ஞாயிற்றுக்கிழமை எழுதினேன்: அது பழக்கம், அது பாசம், விமர்சகர்களே, போய்க் குக்-அப் சாப்பிடுங்கள்.

புதன்கிழமை எழுதினேன்: மேடையில் ஒலிபெருக்கியோடு நிற்கிறவனுக்குப் பாசம் என்பது நல்ல போர்வை.

இரண்டுமே பிரமாதம். இரண்டுக்கும் பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஒரே ஆள் இரண்டுக்கும் எழுதியிருந்தார்.

3 (மறுபடியும், இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை)

தமிழில் எழுதுவதால் ஒரு சங்கடம். ‘பிளாக்கி’ என்பதைக் ‘கருப்பா’ என்று மாற்றிப் பார்த்தேன். குற்றச்சாட்டே கரைந்துபோனது. நமக்குக் கருப்பன் சாமி. கருப்பன் வீட்டுச் செல்லம். சரி என்று ‘கருவாயா’ என்று போட்டுப் பார்த்தேன். உடனே என் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு வந்து நின்றார். அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார், வகுப்பு

(வேண்டாம். இது என் கதை இல்லை. பிளாக்கி என்றே இருக்கட்டும்.)

4

என் புதன்கிழமைக் கட்டுரைக்குக் கால் முளைத்தது. தலைநகரிலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் ஊர்வலம் வந்தார்கள். படித்தவர்கள், மரியாதை தெரிந்தவர்கள். அந்தக் கூப்பிடுபெயரை வாயால் சொல்வதில்லை என்று முடிவெடுத்து, எங்கிருந்தோ சரியான பெயரைத் தேடி எடுத்துப் பெரிய எழுத்தில் அட்டை பிடித்திருந்தார்கள்: ‘தியோஃபிலஸ் அடோனிஸ் அவர்களுக்கு நீதி வேண்டும்!’

சந்தையில் எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. செத்துப் போனவராக இருக்கும் என்று ஓர் அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கிய பெண் நேராகக் குக்-அப் கடைக்கு வந்தார்.

“ஐயா, அடோனிஸ் வீடு எங்க இருக்கு?”

“எந்த அடோனிஸ்?” என்றார் தியோஃபிலஸ் அடோனிஸ்.

“தியோஃபிலஸ். ஜனாதிபதி அவமானப்படுத்தினாரே, அவரு.”

“ஐயோ பாவம். நான் கேள்விப்பட்டதே இல்லையேம்மா. வெயில்ல வந்துருக்கீங்க, சாப்பிட்டுப் போங்க.”

இரண்டு பேருந்தும் சாப்பிட்டது. காந்தல் வரைக்கும் சுரண்டிச் சாப்பிட்டது. கை கழுவும்போதுதான் ஒருவர் நிமிர்ந்து கடைப் பலகையைப் பார்த்தார். ‘பிளாக்கி குக்-அப்.’ ஒருமித்த கோபம் வந்தது. அடோனிஸ் அவர்களின் ஊரிலேயே இப்படி ஒரு பலகையா? கழற்றிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, அடோனிஸ் வாழ்க என்று கத்திக்கொண்டே போய்விட்டார்கள். அடோனிஸும் கரண்டியை ஆட்டி வழியனுப்பினார்.

(அவர் நிஜமாகவே தன் பெயரை மறந்துவிட்டாரா, இல்லை குறும்பா? நான்கு முறை திருத்தி எழுதியும் எனக்குப் பிடிபடவில்லை. என் பாத்திரமே என்னிடம் மறைக்கிறது.)

5

கூரை திறந்து மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை மதியம் நான் போனபோது, பலகை எழுதும் ஹேம்ராஜ் புதுப் பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் ‘குக்-அப்’ என்று சிவப்பில் ஜம்மென்று எழுதியாகிவிட்டது. இடது பக்கம் வெள்ளை.

“என்ன பேருன்னு சொல்ல மாட்டேங்கிறாரு, மெட்ராஸ். தூரிகை காயுது,” என்றார் ஹேம்ராஜ்.

“எதைச் சொல்றது?” பிளாக்கியின் மனைவி ஐனெஸ் அடுப்புப் பக்கமிருந்து வெடித்தார். “பழைய பேரு எழுதினா, ஜனாதிபதி காலை நக்குறான்னு பாதிச் சந்தை வராது. புதுசு எழுதினா, கட்சி மாறிட்டான்னு மீதிப் பாதி வராது. நாளைக்கு ரெண்டு பானை வைக்கிறதா, அரைப் பானை வைக்கிறதா? அதைச் சொல்லுங்க மொதல்ல!”

“மிஸ் ஐனெஸ், சும்மா ‘குக்-அப்’னே விட்டுட்டா என்ன?”

“இந்த வரிசையில ஆறு குக்-அப் கடை இருக்கு. முப்பது வருஷமா ஜனங்க பேருக்குத்தான் வராங்க. உனக்கென்ன, நீ எழுதிட்டுப் போயிடுவ.”

அந்த ‘நீ எழுதிட்டுப் போயிடுவ’ எங்கேயோ குத்தியது. பிளாக்கி பானையைக் கிளறிக்கொண்டே முதுகைக் காட்டி நின்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“பிளாக்கி, அந்தப் புதன்கிழமைக் கட்டுரை...”

“தெரியும், நீதான்.”

“எப்படித் தெரியும்?”

“ஞாயித்துக்கிழமை என் பானையில கோழி போட்ட. புதன்கிழமையும் கோழி போட்ட. முப்பது வருஷத்துல நான் கோழி போட்டதே இல்ல. பெர்பிஸ் பூரா தேடினாலும் அந்தத் தப்பைப் பண்ண ஒரே ஒருத்தனாலதான் முடியும். சனிக்கிழமை வந்தா பானைக்குள்ள பாக்காம பேசிக்கிட்டே திங்கிற மெட்ராஸ்காரன்.”

ஹேம்ராஜ் சிரித்துச் சிரித்துச் சிவப்பு வர்ணத்தில் கையை வைத்துவிட்டார். நானும் சிரித்தேன், வேறு வழி? வீட்டுக்குப் போய் இரண்டு கட்டுரையையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் இரண்டாவது பத்தியில் ‘கோழி மணக்கும் குக்-அப்’. மற்றதில் நான்காவது பத்தியில் ‘கோழி மணக்கும் குக்-அப்’. நாட்டின் இனப் பிரச்சினையை இரண்டு கோணத்தில் அலசி முடித்தவன், ஒரு பானையை எட்டிப் பார்க்கவில்லை.

6

(இதற்கு முன்னால் ஒன்று விட்டுவிட்டேன். சிரிப்போடு முடித்துவிடலாம் என்ற ஆசையில் விட்டேன்.)

கிளம்பும்போது கேட்டேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒருவன் அவரைக் கேட்டான்.

“உனக்கு வலிச்சுதா, இல்லையா?”

அவர் கரண்டியைப் பானை விளிம்பில் தட்டி வைத்தார்.

“அவன் கூப்பிட்டது வலிக்கல. அதே குரலுதான். ஸ்கூல்ல என் பன்ல பாதி பிச்சிக்கிட்டுப் போவான், அப்பவும் அப்படித்தான் கூப்பிடுவான். கூப்பிட்டதும் நான் கையைத் தூக்கினேன், வீடியோல இருக்கு பாரு. அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்கல்ல.”

“ஆமா.”

“அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாத சிரிப்பு, மெட்ராஸ். பேரு என்னுது. அந்தச் சிரிப்பு யாருதுன்னுதான் எனக்குப் புரியல. தூக்கின கையை எங்க வைக்கிறதுன்னும் தெரியல.”

“அன்னையிலேர்ந்து யாரு கூப்பிட்டாலும் இவரு உடனே திரும்புறதில்ல,” என்றார் ஐனெஸ், குரலைத் தாழ்த்தி. “நின்னு கேக்குறாரு. கேட்டுட்டுத்தான் திரும்புறாரு.”

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கணக்கு வாத்தியார் கூப்பிட்டதும் வகுப்பு சிரித்த சிரிப்பு அது. மேலே அடைப்புக்குறிக்குள் தள்ளி மூடினேனே, அங்கேதான் இருந்தது. தெரிந்திருந்தும் இரண்டு கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது. அந்த அடைப்புக்குறியை அழிக்காமல் விட்டிருக்கிறேன். போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

7

முடிவு அ: ஜனாதிபதி காவலர்கள் இல்லாமல் வருகிறார், பழைய பெஞ்சில் உட்கார்கிறார், பாதி பன்னை நீட்டுகி

(அடச்சீ.)

முடிவு ஆ: ‘தியோஃபிலஸ் அடோனிஸ்’ என்று கம்பீரமாக எழுதுகிறார்கள். மறுநாள் சனங்கள் பலகையைப் பார்த்துவிட்டு, “பிளாக்கி கடையை வித்துட்டானா?” என்று கேட்டுக்கொண்டே அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

(இது நடக்கக்கூடியது. அதனால்தான் பயமாக இருக்கிறது.)

முடிவு இ: ‘பிளாக்கி’ என்றே எழுதுகிறார்கள். மாலைக்குள் ஆற்றங்கரையான் என்ற அயோக்கியன் கொந்தளித்து ஒரு கட்டுரை

(அவனை நேற்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்காரனும் விடுப்பில் இருக்கிறான்.)

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை காலை ஹேம்ராஜ் பலகையை அப்படியே மாட்டினார். வலது பக்கம் குக்-அப், இடது பக்கம் வெள்ளை. தூரிகையை ஓர் ஆணியில் தொங்கவிட்டார். ஐனெஸ் திட்டிக்கொண்டே இரண்டு பானை ஏற்றினார். கூட்டம் வந்தது, பலகையைப் பார்த்தது, வரிசையில் நின்றது. இவ்வளவு அமைதியான சனிக்கிழமையை நியூ ஆம்ஸ்டர்டாம் சந்தை கண்டதில்லை. ஆளுக்கு ஆள் தொண்டையைச் செருமுகிறார்களே தவிர, ஒருவரும் கூப்பிடவில்லை. நானும்தான்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் இப்போது வரிசையின் முன்னால் நிற்கிறீர்கள். நல்ல பசி. காந்தல் தீர்ந்துகொண்டிருக்கிறது. உங்களுக்கு இரண்டு பெயரும் தெரியும். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு பானையைக் கிளறுகிறார்.

கூப்பிடுங்கள். அவர் உடனே திரும்ப மாட்டார். முதலில் கேட்பார்.