வடகிழக்கு மூலையில் நான்குக்கு ஆறு

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து பிறந்தது. பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய கட்டுக்குள் ஒரு வீட்டுப் பிளான் கிடந்தது. காக்ஸ் டவுன், மாடி வீடு, 1959. உரிமையாளர்கள் சாலமன், ரோஸி. வரைந்தவர் வெங்கடசுப்ரமணியன். மாநகராட்சி முத்திரை பளிச்சென்று இருக்கிறது. ஹால், சமையலறை, படுக்கையறை என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. வடகிழக்கு மூலையில் நான்கடிக்கு ஆறடியில் ஒரு குட்டி அறை. அதன் பெயர் இருந்த இடத்தை மட்டும் பூச்சி தின்றுவிட்டது.

பூச்சி தின்றதை நிரப்பக் கிளம்பினேன். எனக்கும் வேறு வேலை இல்லை.

2

இளங்குளிர் வீசும் காக்ஸ் டவுன் காலையில், மழைமரங்களின் நிழல்—

(வேண்டாம். பெங்களூர்க் கதை என்றாலே எல்லோரும் முதலில் குளிரைக் கூட்டிவந்துவிடுகிறார்கள்.)

வெங்கடசுப்ரமணியன் அன்று மூன்றாவது தடவையாகப் பென்சிலைச் சீவினார். (இது பரவாயில்லை.) எட்டு வருஷம் முதலாளி பெயரில் பிளான் வரைந்தவர். அடியில் தன் கையெழுத்தே விழப்போகிற முதல் பிளான் இது. மல்லேஸ்வரத்தில் அவர் அப்பா பூதக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, "எங்கேடா உன் பிளான்?" என்று தினம் கேட்கிறார். யார் வீட்டுப் பிளானானாலும் முதலில் பூஜை அறையைத் தேடுகிற மனுஷர்.

வீடு கட்ட வந்தவர்களோ வேறு மாதிரி. ரோஸி கோலார் தங்கவயல்காரி. வருஷா வருஷம் கறுப்புத் திராட்சை வாங்கி, பட்டை லவங்கம் போட்டு, ஆறு பீங்கான் ஜாடியில் ஒயின் ஊறவைப்பவள். ருசி பார்ப்பது மட்டும் சாலமனின் இலாகா.

"வீட்ட எப்டி வேணா போடுங்க சார். மொதல்ல என் ஜாடிங்களுக்கு எடம் போடுங்க. வெயில் ஆவாது, அடுப்புச் சூடு ஆவாது, யாரும் தடதடன்னு நடந்தா ஆவவே ஆவாது," என்றாள் ரோஸி.

(முதல் பிரதியில் இவளைக் கூச்ச சுபாவமாக எழுதியிருந்தேன். இரண்டு வரிக்கு மேல் அப்படி இருக்க மாட்டேன் என்றுவிட்டாள்.)

3

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே ஜாடிகளுக்கு இடம் ஒதுக்கி, வெங்கடசுப்ரமணியன் பிளானை விரித்தார். ரோஸியின் விரல் மாடிப்படிப் பக்கமே போகவில்லை.

"இதான் சார் எடம்! ஜன்னல் இல்ல, வாசப்படி ஒசரம், ஜாடி வைக்க மேடை வேற கட்டிக் கீறீங்க!"

அவர் குனிந்து பார்த்தார். வடகிழக்கு மூலையில் அவர் போட்டிருந்தது பூஜை அறை. நாற்பது வீடு* வரைந்த கை, யார் வீடு என்று கேட்காமல் தானாகப் போட்டிருக்கிறது.

"மன்னிக்கணும்மா, பழக்கதோஷம். இது பூஜை ரூம். அழிச்சுடறேன்."

"அழிக்கிறதா? ரப்பர கீழ வைங்க சார்!"

"பெட்ரூம சின்னதாக்கிட்டு இத இன்னும் கொஞ்சம் பெருசு பண்ண முடியுமா?" என்று சாலமன் பணிவாகக் கேட்டார்.

* உத்தேசக் கணக்கு. நான் எண்ணவில்லை.

4

அறை நின்றுவிட்டது. பெயர்தான் நிற்கவில்லை. பெயரில்லாத அறையை மாநகராட்சி ஏற்காது. (ஏற்காது என்று வைத்துக்கொள்வோம்.)

'ஒயின் அறை' என்று எழுதினால் பூதக்கண்ணாடி அங்கேயே நின்றுவிடும். எட்டு வருஷம் காத்திருந்த பிளானை அப்பாவிடம் காட்டவே முடியாது.

'பூஜை அறை' என்றே விட்டுவிடலாமா என்றார்.

"சிலுவைய மாட்டிக்கினு பொய் எழுதி வைக்கிறதா?" என்றாள் ரோஸி.

"ஸ்டோர் ரூம்?"

"ஐயோ, பேடா, வேணவே வேணாம் சார்! ஸ்டோர்னு பாத்தா எங்க மாமியாரோட டிரங்குப் பொட்டி நாலும் அங்க வந்து குந்திக்கும்."

5

முடிவுக்கு வருவோம்.

(அ) முதல் பாட்டில் எப்போதும் சர்ச் திருவிருந்துக்குத்தான் போகிறது என்று தெரிந்து வெங்கடசுப்ரமணியன் உருகிவிடுகிறார். ரொம்பச் சவுகரியம். அடித்துவிட்டேன்.

(ஆ) வேலையே வேண்டாமென்று எழுந்து போகிறார். எழுதிப் பார்த்தேன், மனசு வரவில்லை. அந்த மனுஷரை எனக்குப் பிடித்துவிட்டது.

(இ) ஒரு விஷயத்தை உங்களிடம் மறைத்துவிட்டேன். பிளானின் நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்த கறை இருக்கிறது. அது மல்லேஸ்வரத்துக்குப் போய்த்தான் வந்திருக்கிறது. அந்த ஓட்டையைச் சுற்றி இன்னொரு கறையும் உண்டு. ஊதா நிறத்தில், ஒரு கிளாஸின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாக. பூச்சி ஏன் அந்தப் பெயரை மட்டும் தின்றது என்று இப்போது தெரிந்திருக்கும். இனிப்பு ஒயின்.

ஆக, அப்பா குங்குமம் வைத்த, ரோஸி கிளாஸ் வைத்த ஏதோ ஒரு பெயரை அவர் எழுதியிருக்கிறார். யோசித்து யோசித்து எனக்கு அகப்படவில்லை. நீங்கள் பென்சிலை எடுங்கள். அகலம் நான்கடிதான், சின்னச் சொல்லாகப் பாருங்கள்.

[                    ]