கலாசம் முடியும்வரை

ஓடுகிறவர்களுக்கு மேளம் அடிப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அவர்கள் நிற்பதில்லை. கோயில் திருவிழா என்றால் ஜனம் சுற்றி நின்று பார்க்கும், பிடித்திருந்தால் கையைத் தூக்கி ஆடும், பிடிக்காவிட்டால் கடலை வாங்கப் போய்விடும். மாரத்தானில் வளைவில் ஒரு முகம் தெரியும், வேர்த்து வழிந்து பக்கத்தில் வரும், ஒரு கையசைப்பு, அப்புறம் முதுகு. பூபதிராஜா விடிந்ததிலிருந்து முதுகுகளுக்கு அடித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பெருமாட்டியில் தென்னந்தோப்பு. தேங்காய் விலையும் வெள்ளை ஈயும் வருசம் முழுக்க அவனைப் படுத்தி எடுக்கும். திருவிழாக் காலம் வந்துவிட்டால் மட்டும் அவன் வேறு ஆள். தோப்புக்காரர்கள், பால் சொசைட்டியில் வேலை பார்ப்பவர், ஒரு எலக்ட்ரீசியன் என்று கூட்டம் சேர்த்து சிங்காரி மேளம் கட்டியிருந்தான். செண்டை, இலத்தாளம் என்கிற பெரிய வெண்கலத் தாளங்கள், அடித்துக்கொண்டே கொஞ்சம் ஆட்டம். கொழிஞ்சாம்பாறையில் ஒரு கல்யாணத்தில் இவர்கள் அடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் ஜோமோன் கூப்பிட்டான். பாலக்காட்டு நகரத்தில் மாரத்தான் நடத்துகிற ஆட்களில் அவன் ஒருவன். சித்தூர்ப் பக்கமிருந்து வருகிற சாலை நகரத்துக்குள் வளையும் இடத்தில் இவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“ஓடுற ஆளு இங்கதான் தளர்ந்து போவும் பூபதி சேட்டா. நிங்ஙள் நிறுத்தவே கூடாது, கேட்டோ?”

சாலையை நீளவாக்கில் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் ஓட்டம், மறு பாதியில் வண்டிகள். வெயில் ஏற ஏற, சின்ன ஓட்டத்தை முடித்தவர்கள் கழுத்தில் மெடலும் கையில் வாழைப்பழமுமாகத் திரும்பி வந்தார்கள். மேளத்தைக் கண்டதும் நின்றார்கள். ஒரு பெண் ஆட ஆரம்பித்தாள், பிறகு நாலு பேர், பிறகு ஒரு கும்பல். கயிறு தரையில் விழுந்தது. வண்டிப் பாதியும் ஆட்டக்களமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் தூக்கிப் பிடித்த போன். காலையிலிருந்து முதுகு பார்த்தவனுக்கு இப்போதுதான் முகங்கள் கிடைத்தன. பூபதிக்கு உச்சி குளிர்ந்தது. கலாசத்துக்கு ஏற்றினான்.

கலாசம் என்பது மேளத்தை முடிக்கிற இடம். வேகம் கூடிக்கூடி, இனிமேல் கை தாங்காது என்கிற இடத்தில், எல்லாக் கோலும் ஒரே அடியில் நிற்க வேண்டும். அதை நடுவில் அறுக்கக் கூடாது. மழை வந்தாலும் அறுக்க மாட்டார்கள், யானை மிரண்டாலும் முடிந்தவரை அறுக்க மாட்டார்கள். வண்டித்தாவளத்துப் பக்கம் ஒரு செட்டு கரண்ட் போன பதற்றத்தில் கலாசத்தைப் பாதியில் விட்டுவிட்டது, அடுத்த வருசம் அந்தக் கோயிலில் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. முடிக்கிற சைகை தலைவன் கையில். மற்றவர்கள் எல்லாரும் சாலைக்கு முதுகு காட்டி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு அடிப்பார்கள். சாலையைப் பார்த்து நின்றது பூபதி ஒருவன்தான்.

அதனால்தான் அந்த விளக்கை அவன் பார்த்தான். ஆடுகிற தலைகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வண்டியின் கூரையில் நீலமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சைரன் கேட்கவில்லை. அது சத்தியம். செண்டைக்கு நடுவில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆனால் கண் பார்த்தது. நிமிர்ந்து, நன்றாகவே பார்த்தான். கோலைத் தூக்கினால் அந்த நொடியே எல்லாம் நின்றுவிடும். அவன் தூக்கவில்லை. தலையைக் குனிந்து செண்டையைப் பார்த்தான். இன்னும் ஒரே ஒரு சுற்று, இதோ முடிந்துவிடும் என்று நினைத்தான். பழக்கம் என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், பழக்கம் மட்டும் இல்லை. அத்தனை போனும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்த ருசியை விட மனம் வரவில்லை.

கலாசம் சுத்தமாக விழுந்தது. ஒரு கோல் பிசகவில்லை. கூட்டம் கத்தியது. அப்போதுதான் அவன் கோலை உயர்த்தி, “ஆம்புலன்சு! வழி வுடுங்க!” என்று அலறினான். செண்டைக்காரர்கள் கழுத்தில் தொங்கிய செண்டையோடு கைகோத்துக் கூட்டத்தை இரண்டாகப் பிளந்தார்கள். பூபதி நடுச்சாலையில் நின்று, திருவிழாவில் தேருக்கு வழி விலக்குகிற ஆள் மாதிரி கோலை வீசினான். வண்டி சீறிக்கொண்டு போனது. பின்னாலேயே கைதட்டலும் போனது.

யாரோ எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் சுற்றியது. பூபதி கோலை உயர்த்துகிற இடத்தில் தொடங்கி, வண்டி போய் மறைகிற இடத்தில் முடிகிறது. அதற்கு முன்னால் நடந்தது அதில் இல்லை. சோக வயலின் ஒன்றைப் பின்னால் சேர்த்து, ‘மேளத்தை நிறுத்திய மனிதம்’ என்று தலைப்பும் போட்டிருந்தார்கள். ஜோமோன் போன் பண்ணிக் கிட்டத்தட்ட அழுதான். துபாயிலிருந்து பங்காளி ஒருவன், பேசி வருசக்கணக்கானவன், “பெருமையா இருக்குதுடா” என்றான். பூபதி எல்லாருக்கும் “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றான். வாழ்க்கையில் அவ்வளவு உண்மையை அவன் அடுக்கடுக்காகச் சொன்னதே இல்லை. எல்லாரும் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த போன் நல்லேப்பிள்ளியிலிருந்து வந்தது.

“ஏனுங்ணா, என்ற பேரு ரமேஷ்குமாருங்க. அந்த வண்டிக்குள்ள இருந்தது எங்கப்பனுங்க.”

கந்தப்பன் என்று பேர் சொன்னான். நெல் விவசாயி. காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போனவர் வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக் கட்டி. உயிருக்குப் பயமில்லை, ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு வரவில்லை.

“ஒவ்வொரு நிமிசமும் முக்கியம்னு டாக்டரு சொன்னாருங்ணா. நீங்க மட்டும் அன்னைக்கு நிறுத்தி வழி வுடலீன்னா என்னாயிருக்கும்? பஞ்சாயத்துல உங்களப் பாராட்டி அனுமோதன மீட்டிங்கு வெக்கறாங்களாமா. பொன்னாடைய நாந்தான் போத்துவேன்னு மெம்பருகிட்டச் சொல்லிப்போட்டேன்.”

பூபதி போனை வைத்துவிட்டுத் தோப்புக்குள் போனான். ஒரு தென்னையைச் சுற்றி, சுற்ற வேண்டிய காரணம் எதுவும் இல்லாமல், சுற்றி வந்தான். அப்பாவை ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாக ரமேஷ்குமார் மறுபடி போன் பண்ணிச் சொன்ன அன்றுவரை அவனுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அன்றைக்குத்தான் மனைவி வனிதா தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவளிடம் சொன்னான்.

வனிதா முழுசாகக் கேட்டாள். பிறகு, “உங்களுக்குப் பைத்தியமா?” என்றாள். “வர்ற வழியில ரயில்வே கேட்டு அடைச்சிருந்தா எத்தன நேரம் நின்னிருப்பாங்க? கேட்டுக்காரன் போயி மன்னிப்புக் கேக்கறானா?”

“கேட்டுக்காரன் ரயிலுக்காக அடைக்கறான்.”

“நீங்களும் வேணும்னு பண்ணலீல்ல?”

வேண்டுமென்றா, இல்லையா என்பதைத்தான் அவன் தோப்பில் சுற்றிச்சுற்றி யோசித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு சுற்றில் அந்த மனுசனுக்கு என்ன போயிற்று என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. ஒன்றுமே போகாமல் இருந்திருக்கலாம். ஒரு கை போயிருக்கலாம். பேச்சில் பாதி போயிருக்கலாம். தெரியாது என்பதே அவனைத் தின்றது. தெரிந்திருந்தால் அழுது தொலைத்திருப்பான்.

“அந்தப் பையன் கையால எப்பிடி வனிதா பொன்னாட வாங்கறது?”

“அப்பச் சொல்லிப்போட்டு வாங்க,” என்றாள் அவள். “சொன்னா அடிப்பாங்க. இல்லீன்னா அழுவாங்க. எதுவானாலும் வாங்கிக்கிட்டு வாங்க. இப்பிடி நீங்க தட்டு முன்னால உக்காந்திருக்கறத என்னால பாக்க முடியல.”

ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நல்லேப்பிள்ளிக்குப் போனான். வயலை ஒட்டிய ஓட்டு வீடு, முன்பக்கம் மட்டும் புதிதாகக் காங்கிரீட். ரமேஷ்குமார் மருந்து வாங்க சித்தூருக்குப் போயிருந்தான். அவன் அம்மா பழனாத்தாள்தான் இருந்தாள். மெலிந்த, நெட்டையான பெண்மணி. யாரென்று அவன் சொல்ல ஆரம்பிப்பதற்குள், “வாங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். இந்த வாரம் முழுக்க ஜனங்கள் அவனைப் பார்த்ததும் மலர்ந்த மாதிரி அவள் முகம் மலரவில்லை. பையை வாங்கி மேசையில் வைத்தாள்.

கந்தப்பன் முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் மட்டும் தெளிவாக, வருகிறவனைத் தொடர்ந்தது. கஞ்சி சட்டையில் வழிந்து ஈரமாக இருந்தது.

“நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி. சட்டை மாத்தோணும். பையன் இல்லாம ஒத்தையாளு முடியறதில்ல. சித்த கையத் தூக்கிப் புடிங்க.”

பூபதி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த வலது கையைத் தூக்கினான். இவ்வளவு கனம் இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இத்தனைக்கும் கழுத்தில் செண்டையைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக நிற்கிறவன் அவன். பழனாத்தாள் பட்டன்களைக் கழற்றினாள், தோளிலிருந்து சட்டையை உருவினாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

“அக்கா. நான் ஒண்ணு சொல்லோணுங்க.”

அவள் கை நிற்கவில்லை.

“அன்னைக்கு வண்டி வந்தத நான் முன்னாலயே பாத்துட்டேனுங்க. பாத்துட்டும்... மேளத்த முடிச்சிட்டுத்தான் நிறுத்துனேன்.”

“தெரியுமுங்க தம்பி.”

ஈரச் சட்டையை அவள் சுருட்டிக் கீழே போட்டாள்.

“முன்னால டிரைவருகூட நாந்தான் உக்காந்திருந்தேன். அவரு ஆரனை அமுக்கறாரு, அமுக்கறாரு, ஒருத்தரும் திரும்பல. அப்ப நீங்க தலையத் தூக்கிப் பாத்தீங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பாத்துட்டாரு, இனி நிறுத்திப்போடுவாருன்னு பின்னால திரும்பி இவருகிட்டச் சொல்லக்கூடச் சொன்னேன்.” துண்டால் கணவனின் மார்பைத் துடைத்தாள். “அப்புறம் மறுக்காக் குனிஞ்சுட்டீங்க.”

வெளியே வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. பூபதிக்கு முகம் எரிந்தது. அவள் திட்டியிருந்தால் காலைப் பிடித்திருப்பான், அதற்கும் அவள் இடம் கொடுக்கவில்லை.

“பையங்கிட்டச் சொல்லலீங்களா?”

“எதுக்கு? போற வார்றவங்களுக்கெல்லாம் அந்த வீடியோவக் காட்டறான். எங்கப்பனுக்காக ஒரு ஊரே ஒதுங்கி நின்னுச்சு பாருங்கன்னு சொல்றான். இதுல அவனுக்கு நல்லதுன்னு கெடச்சது அது ஒண்ணுதான். அத நாம்போயிப் புடுங்கோணுமா?”

“அக்கா, ஞாயித்துக்கெழம அவன் பொன்னாட போத்த வர்றான். நான் எப்பிடிங்க...”

“போத்திக்குங்க.”

முதல் முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமா இரக்கமா என்று அவனால் பிரிக்க முடியவில்லை.

“அவன் முன்னால நின்னு போத்திக்குங்க. நானும் வந்து முன்னால உக்காந்திருப்பேன்.”

எழுந்தாள். “கைய வுட்டுறாதீங்க. வுட்டா பொத்துன்னு வுழுந்துரும், தோள்ப்பட்டை நோகுது அவருக்கு. வேற சட்டை எடுத்தாறேன்.”

உள்ளறைக்குப் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு சட்டையை உதறுகிற சத்தம், அது சரியில்லை போல, மறுபடி மடிக்கிற சத்தம். கந்தப்பன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருக்குமா என்று தெரியவில்லை. பூபதி இரண்டு கையாலும் அந்தக் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோள் கடுக்க ஆரம்பித்தது, விரல்கள் மரத்தன. கொஞ்சம் மாற்றிப் பிடிக்கலாம்தான், அவன் மாற்றவில்லை. உள்ளே அவள் இன்னொரு சட்டையை எடுத்தாள். அவசரமே இல்லாமல் அதை உதறினாள்.