ரை வயலில் ஒரு கோடு

1

இந்தக் கதை ஒரு பாதிப் படத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று நீங்கள் என்னைத் திட்டக்கூடாது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் சனிக்கிழமை கூடும் பழைய சாமான் சந்தையில், ஓடாத கடிகாரங்களுக்கு அடியில் அது கிடந்தது. யாரோ ஒருவருக்காக வரைந்து பார்த்த குலச்சின்னத்தின் மாதிரி. மேல்பாதியில் பாயும் வெள்ளைக் குதிரை. கீழ்ப்பாதி முழுக்கப் பழுத்த மஞ்சள். மஞ்சளின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு, அதற்கு மட்டும் வர்ணம் தீட்டவில்லை. பெயரும் இல்லை.

"யாரோடது?" என்று கடைக்காரனைக் கேட்டேன்.

"செத்துப்போன யாரோ ஆபீசரோடதா இருக்கும். அந்தக் காலத்துல இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ரிட்டயர் ஆன ஆபீசர் மேலதான் விழணும்" என்றான்.

அப்போதைய ஆஸ்திரியப் பேரரசரின் படையில் கெட்ட பெயரில்லாமல் முப்பது வருடம் இருந்து, ஒரு போரையாவது கண்ட அதிகாரி, குடியானவன் மகனானாலும் மனுப் போட்டுப் பிரபு ஆகலாம். பெயருக்குப் பின்னால் 'ஃபொன்' வரும், அதன் பின்னால் ஓர் ஊர் வரும். எந்த ஊர், சின்னத்தில் என்ன படம் என்பதையெல்லாம் அவரே கேட்கலாம். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வரலாறு. மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்.

'மேஜர் அலோய்ஸ் ரீகர் குதிரை மேலேயே பிறந்தவர் போல—' அடித்துவிட்டேன். அவர் பிறந்தது மொராவியா மாகாணத்தில், குத்தகை நிலத்தில், ரை என்கிற உயரமான தானியத்தின் அறுவடை நடுவில்.

'1866ஆம் ஆண்டுக் கோடையில் பிரஷ்யர்களிடம் தோற்று நமது படை பின்வாங்கியபோது—' வேண்டாம். தோற்ற கதையை இங்கே எல்லாரும் எழுதி ஓய்ந்துவிட்டார்கள்.

'மேஜர் ரீகர் பிரபுப் பட்ட மனுவில் எல்லாம் எழுதிவிட்டார், இரண்டு வருடமாக ஊர்ப்பெயரை மட்டும் எழுதவில்லை.' இது நிற்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதைப் புரிந்துகொள்ள அவர் எப்படி மேலே வந்தார் என்று தெரியவேண்டும்.

சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். குதிரைக்குத் தண்ணீர் காட்டினார், லாயம் பெருக்கினார், இத்தாலியில் குண்டடி பட்டார், அதிகாரியானார். பிரபுக்களின் பிள்ளைகள் பத்து வருடத்தில் ஏறுகிற படியை இவர் இருபது வருடம் ஏறினார். கேப்டனான பிறகு ஒரு பயிற்சியின்போது, பாய்ந்து போகவேண்டிய தன் குதிரைகளை ஒரு ரை வயலின் முன்னால் நிறுத்திவிட்டார். கதிர்களின் நடுவே நிறம் கொஞ்சம் மங்கிய ஒரு கோடு தெரிந்தது. வண்டிப்பாதை தேய்ந்து தேய்ந்து ஆளுயரப் பள்ளமாகிப்போன இடத்தில், மேலே கதிர்கள் ஒன்றோடொன்று சாய்ந்து மூடினால் தூரத்திலிருந்து அப்படித்தான் தெரியும். பயிரோடு வளர்ந்தவன் கண்ணுக்கு அது தப்பாது.

கர்னல் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தார். "என்ன ரீகர், பயிர் நசுங்கிடுமேன்னு வயித்த கலக்குதா? அப்பாவுக்குக் குத்தகை கட்டணுமோ?"

எல்லா அதிகாரிகளும் சிரித்தார்கள். அங்கே பள்ளம் இருந்ததா என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.

(முதலில் 'கோதுமை வயல்' என்றுதான் எழுதியிருந்தேன். கோதுமை குதிரையின் நெஞ்சளவுதான் வரும். பள்ளத்தை மறைக்க ரைதான் வேண்டும். இந்த ஒரு சொல்லை மாற்றியபிறகுதான் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.)

3

அடுத்த கோடையில் அந்தப் பிரஷ்யப் போர், ஸ்ட்ரெனிட்ஸ் என்ற ஊர். வரைபடத்தில் தேடவேண்டாம், நான் வைத்த பெயர்.

நம் பீரங்கிகள் சேற்றில் மாட்டிக்கொண்டன. பிரஷ்யக் காலாட்படை நெருங்கியது. நடுவே ஒரு ரை வயல். பாய்ந்து போய் அவர்களைத் தடுக்கும்படி ரீகருக்கு உத்தரவு. அவர் கையை உயர்த்தினார், பக்கத்தில் இருந்த எக்காளக்காரன் ஊதினான், குதிரைகள் பாய்ந்தன. வயலின் நடுவில் முதல் வரிசை காணாமல் போனது. பின்னால் வந்தவர்களால் நிறுத்த முடியவில்லை, விழுந்தவர்கள் மேலேயே விழுந்தார்கள். ரீகரின் சிவலைக் குதிரை எப்படியோ தாண்டிவிட்டது. குதிரைப்படையைக் கண்டு எதிரி அணிவகுத்து நின்ற அந்தச் சிறிது நேரத்தில் பீரங்கிகள் தப்பின.

அவருக்குப் பதக்கம் கிடைத்தது. பள்ளத்தில் கிடந்தவர்களை எடுக்க மறுநாள் மதியம்வரை ஆனது. அந்த வேலையை நான் மூன்று பக்கம் எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டேன்.

4

ஹெர்மினே, மேஜரின் மனைவி. முதல் வரைவில் அவளைப் பட்டத்துக்கு அலைகிறவளாக எழுதியிருந்தேன். அது அநியாயம். அவள் ஒரு பிரபுவின் மகள், குடியானவன் மகனைக் கட்டிக்கொண்டதற்காக அப்பா கல்யாணத்துக்கே வரவில்லை. தங்கை வீட்டு விருந்துகளில் அவளை மேசையின் கடைசியில், பியானோ வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். ஒருநாள்கூட அவள் முகம் சுளித்ததில்லை. இப்படிப்பட்டவள் ஆசைப்பட்டால் தப்பா?

"என்னங்க, ஸ்ட்ரெனிட்ஸ்னு எழுத உங்க கைக்கு என்ன வலிக்குது? ரத்தம் சிந்தின மண்ணாச்சே."

"சிந்துனது என் ரத்தம் இல்ல, ஹெர்மி."

"அப்போ உங்க அப்பா குத்தகைக்கு எடுத்த இடத்துப் பேர வைங்க. ரீகர் ஃபொன் மாட்டுக்கொட்டகை!"

அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவளுக்குத் தைரியம் வந்திருக்கவேண்டும். அவரிடம் சொல்லாமலே, அன்று எக்காளம் ஊதிய வென்ஸல் ஹனுஷை வரவழைத்தாள். கூட நின்றவன் வந்து நாலு வார்த்தை பெருமையாகப் பேசினால் இந்த மனுஷன் இளகுவார் என்று கணக்குப் போட்டாள்.

5

வென்ஸல் இப்போது மொராவியாவில் ஒரு புகையிலைக் கடை வைத்திருக்கிறார், பழைய வீரர்களுக்கு அரசு கொடுக்கும் கடை. கசகசா அப்பம் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.

"வாய்யா வென்ஸல். இப்படி நரைச்சுட்டியே!"

"உங்களுக்கு மட்டும் கருகருன்னா இருக்கு ஐயா?"

ஹெர்மினே காபி ஊற்றினாள், குலச்சின்னத்துக்காக ஓவியர் வரைந்து விட்டுப்போன படத்தை எடுத்து நீட்டினாள். வென்ஸல் அதைச் சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"குதிரை ஜோரா இருக்குங்கம்மா. ஆனா ஐயாவோடது சிவலை. கொம்பு ஊதறவனுக்குத்தான் வெள்ளக் குதிரை குடுப்பாங்க. இது என் குதிரைங்கம்மா."

"அட, அப்படியா! மாத்தச் சொல்லிடறேன்."

"கீழ மஞ்சளா இருக்கே, இது?"

"அந்த ரை வயல்."

"அப்போ கோடு எங்கங்கம்மா?"

மேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். வென்ஸல் மேசைமேல் கிடந்த பென்சிலை எடுத்து, மஞ்சளின் குறுக்கே மெதுவாக ஒரு கோடு இழுத்தார். பிறகு பென்சிலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் ரயிலேறினேன். அம்மா கூப்பிடலேன்னாலும் ஒருநாள் வந்திருப்பேன். அன்னிக்கு நான் அந்தக் கோட்ட பாத்துட்டேன். 'பள்ளம் ஐயா!'ன்னு கத்தினேன். நீங்க திரும்பல. கையத் தூக்கினீங்க, நான் ஊதிட்டேன். எல்லாரும் என் கொம்புக்குத்தான் போய் விழுந்தாங்க. நான் சரியா கத்தலையோ? ஊதறதுக்கு வெச்சிருந்த மூச்சுல பாதிய கத்தறதுக்குப் போட்டிருந்தா உங்களுக்குக் கேட்டிருக்குமோ? இன்னிக்கும் கல்யாணம் காட்சின்னு வாசிக்கக் கூப்பிடறாங்க, கொம்ப வாய்கிட்ட கொண்டுபோயிட்டு ஊதாமயே திரும்ப உறையில வெச்சிடறேன். உங்க காதுல விழுந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

6

இதுவரை நான் மழுப்பிக்கொண்டே வந்தேன். ஒரு வரைவில் காற்றைப் பலமாக அடிக்கவிட்டேன், இன்னொன்றில் பீரங்கியை முழங்கவிட்டேன், அவருக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று. எல்லாம் பொய். எழுதுகிறவன் நான், எனக்குத் தெரியும்: அவருக்குக் கேட்டது. கேட்பதற்கு முன்பே கோட்டையும் பார்த்துவிட்டார். ரை அறுவடையில் பிறந்தவர் பார்க்காமல் இருப்பாரா? ஆனால் வென்ஸலின் கத்தலைவிடப் பலமாக, முந்தைய வருடத்துச் சிரிப்பு அவர் காதில் கேட்டது. பயிருக்குப் பயந்தவன் என்று இன்னொரு முறை பெயர் வாங்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆக, பதில் என்ன?

'விழல, வென்ஸல்.' இப்படி எழுதினால் மேஜர் ரீகர் ஃபொன் ஸ்ட்ரெனிட்ஸ் ஆகிவிடுவார், ஹெர்மினே மேசையின் முன்பக்கம் உட்காருவாள். வென்ஸல் தலையாட்டிவிட்டு ரயிலேறுவார், நான்தான் சரியா கத்தலை என்ற நினைப்போடு சாவார்.

'விழுந்துச்சு. அதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்.' இப்படி எழுதியதும் வென்ஸல் அழுவதாக எழுதினேன், அடித்தேன். மேஜரின் சட்டையைப் பிடிப்பதாக எழுதினேன், அதையும் அடித்தேன். கையில் காபிக் கூஜாவோடு நிற்கிற ஹெர்மினேயின் முகத்தை மட்டும் எழுத என்னால் முடியவே இல்லை. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

மூன்றாவது: மேஜர் இருமுகிறார், 'ரயிலுக்கு நேரமாச்சு இல்ல?' என்கிறார். இதை எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் படித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. கர்னலின் சிரிப்புக்கு அவர் பயந்ததுபோல நானும் எதற்கோ பயந்திருக்கிறேன்.

சந்தையில் வாங்கிய படத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பொய் சொல்லியிருந்தால் கோட்டை அழித்திருப்பார்கள். உண்மை சொல்லியிருந்தால் வர்ணம் தீட்டியிருப்பார்கள், இல்லை, படத்தையே கிழித்திருப்பார்கள். கோடு அப்படியே இருக்கிறது. அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அதனால் பென்சிலை உங்களிடம் தருகிறேன். மேஜர் எழுந்து நின்றுவிட்டார், வாயைத் திறந்துவிட்டார். அவர் சொல்லப்போவதை நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். அன்றைய பீரங்கிச் சத்தத்தில் வென்ஸலுக்கு ஒரு காது போய்விட்டது. கேட்கிற காதை மேஜரின் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.