அட்லிக்குப் போட்ட தனி மேசை

ஆயர் பதவிக்கான சீட்டு மேலன் ஹெர்ஷ்பெர்கருக்கு விழுந்தது ஒரு வசந்த காலத்தில். காரும் மின்சாரமும் வேண்டாமென்று பழைய முறையில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவச் சபையில் அந்தப் பதவியை யாரும் கேட்டு வாங்குவதில்லை. விழுந்தால் மறுக்கவும் முடியாது. அதுவரை, வைக்கோல் வேலை ஓய்ந்த மாலைகளில் பேஸ்பால் ஆடுவார்கள்; தம்பி அட்லி பந்து வீசுவான், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து மேலன் பிடிப்பான். ஒஹாயோவின் அந்தப் பக்கத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

இலையுதிர் காலத்தில் ஆயர்கள் கூடினார்கள். பையன்கள் நகரத்து அணிகளோடு மோதுகிறார்கள், பேர் அச்சடித்த சட்டை போடுகிறார்கள், பெருமை தலைக்கேறிவிட்டது. இனி பந்தாட்டம் கூடாது என்று முடிவானது.

"நீயே சொல்லுப்பா. ஆடினவன் சொன்னாத்தான் கேப்பானுங்க" என்றார் மூத்த ஆயர்.

மேலன் சொன்னான். எல்லோரும் மட்டையைப் போட்டார்கள், அட்லியைத் தவிர.

மாட்டுக்கொட்டிலில் அண்ணன் கெஞ்சினான். "ஒரு தடவை சபை முன்னால மண்டி போட்டு, தப்புன்னு சொல்லிடுடா. அதோட முடிஞ்சுது."

"என் மூஞ்சியப் பாத்து நீ சொல்லுண்ணே, அது தப்புன்னு. இப்பவே போடறேன்."

மேலன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

பனி விழுமுன் அட்லியைச் சபையிலிருந்து விலக்கினார்கள். அந்த வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்ல வேண்டியவர் ஆயர்; மேலன் சொன்னான். இனி அட்லியோடு ஒரே மேசையில் யாரும் சாப்பிடக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு அட்லி அம்மாவைப் பார்க்க மேலன் வீட்டுக்கு வந்தான். மேலனின் மனைவி வெர்னா சன்னலோரம் ஒரு சின்ன மேசை போட்டு, அவனுக்கு மட்டும் கோழியும் நூடுல்ஸும் வைத்தாள். மௌன ஜெபம் முடிந்து தலை நிமிர்ந்ததும் அம்மா எட்னா எழுந்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அட்லிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, வேணாம்மா" என்றான் அட்லி.

"சாப்பிடுடா. ஆறிடும்."

ஆயர் தடுத்திருக்க வேண்டும். மேலன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆராதனையில் எட்னா தானாகவே எழுந்து வந்து, ஆயரான மகன் முன்னால் முழங்காலிட்டாள். "விலக்கினவனோட உக்காந்து சாப்பிட்டேன். அது சபைக்கு விரோதம்."

கேட்க வேண்டிய கேள்வியை மேலன் கேட்டான். "இனிமே செய்ய மாட்டீங்களா?"

"அவன் வந்தா உக்காருவேன்ப்பா" என்றாள் அவள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உக்காந்துட்டு, திரும்பவும் இங்க வந்து மண்டி போடுவேன். நீ உன் வேலையச் செய்யி."

அந்தப் பதில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. சபை மேலனின் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தது. அவன் குனிந்து, அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். மன்னித்தாயிற்று என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கப்படி ஆயரின் மனைவி வெர்னா வந்து மாமியாரை முத்தமிட்டு, இருக்கைக்கு அழைத்துப் போனாள்.

மீதிப் பிரசங்கத்தை முடிக்கும்படி மேலன் பக்கத்திலிருந்த இன்னொரு போதகரிடம் சாடை காட்டினான். அவன் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தான்.