ஆறு பேர் நடந்த பாதை

அட்டை கடித்தால் எனக்கு அருவருப்பு வருவதில்லை. வயிறு நிறைந்ததும் அது தானாக விழுந்துவிடும். எங்கள் ஊர் வனக்குழுவில் இருந்த ஐந்து ஆண்களை நினைத்தால்தான் குமட்டுகிறது. அதில் ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் என் கணவர். ஆறாவது ஆள் நான். என் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஊருக்கு மேலே இருக்கும் மழைக்காட்டை ஊரே பார்த்துக்கொள்ளலாம் என்று அரசு எங்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. நிபந்தனை ஒன்றுதான். குழுவின் ஆறு பேரும் சனிக்கிழமைதோறும் காட்டைச் சுற்றி வர வேண்டும். அதற்கென்று ஆளுக்கொரு போன் கொடுத்தார்கள். நாம் நடக்கிற வழியை அது கோடாக வரைந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். ஒழுங்காக நடக்காத ஊரிடமிருந்து உரிமையைப் பிடுங்கி, காட்டை மரக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டுக் குழாய்களில் வரும் தண்ணீர் அந்தக் காட்டு ஊற்றிலிருந்து வருவது.

முதல் மாதம் ஆறு பேரும் போனோம். இரண்டாம் மாதம் என் கணவருக்கு முழங்கால் வலி வந்தது. தன் போனையும் என் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார், சும்மா ஒரு சுற்றுதானே என்றார். அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரரால் கடையைப் பூட்ட முடியவில்லை. பிறகு ரொட்டிக்கடைக்காரர், அவர் பின்னாலேயே ஓய்வுபெற்ற தபால்காரர். கடைசியாகக் குழுத் தலைவர், அதாவது என் அண்ணன். அவர் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை, அண்ணியிடம் போனைக் கொடுத்தனுப்பினார். நான் தையல்காரி. துணி கொண்டுபோகிற பையில் ஆறு போன்களையும் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் நடந்தேன். ஊருக்காகத்தானே என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். என்னைப் போல ஓர் இளிச்சவாய் இருக்க முடியுமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஊற்றுக்கு மேலே ஒன்பது மரங்களைக் காணோம். இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள். அடிக்கட்டைகளில் சிவப்புப் பிசின் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. மரத்தூள்கூட நனையவில்லை. படம் எடுத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் ஓடினேன்.

அவர் தன் இரும்புக் கடைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த மாடிவீட்டில் நின்றிருந்தார். தலைக்கு மேலே புது விட்டங்கள். அவற்றிலும் அதே சிவப்புப் பிசின், அதே வாடை. நான் படத்தைக் காட்டினேன். காற்றில் விழுந்திருக்கும் என்றார்.

"காத்து கையில ரம்பமாண்ணா வச்சிருந்துச்சு?" என்றேன்.

அவர் சிரித்தார். கூடப் பிறந்தவள் என்ன செய்துவிடப் போகிறாள் என்கிற சிரிப்பு. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், குடும்ப விஷயத்தைத் தெருவுக்கு இழுக்காதே என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தட்டை அவர் முன்னால் வைக்கவே எனக்குக் கூசியது.

அடுத்த வாரம் உரிமையை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டித்துத் தர அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். அண்ணன் கடையின் மேலறையில் கூட்டம். பெயிண்ட் வாடை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் காட்டின் வரைபடம். நான் எழுந்து படத்தைக் காட்டினேன். அது எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் என்றார் அண்ணன், கண் இமைக்காமல். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள்.

அதிகாரி தன் கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்தச் சனிக்கிழமையின் ஆறு கோடுகளும் ஒரே தையல் போல ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"ஆறு பேருமே அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருக்கீங்க. அஞ்சு பேர் மரம் நிக்குதுன்னு சொல்றாங்களேம்மா," என்றார்.

மரம் எதுவும் வெட்டப்படவில்லை என்று தீர்மானம் போட்டார்கள். கைகள் உயர்ந்தன. கணவரின் கைதான் கடைசியாக உயர்ந்தது. அன்று காலையில் நான் பொத்தான் தைத்துக் கொடுத்த சட்டைக் கை. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

போன் விஷயத்தைச் சொன்னால் ஊர் உரிமை போய்விடும். சொல்லாவிட்டால் மிச்ச மரங்களும் போய்விடும், பின்னாலேயே தண்ணீரும். நான் நடந்த நடையே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துடலாம் சார். அண்ணனே வழி காட்டட்டும். நூறு தடவை நடந்த வழிதானே," என்றேன்.

குழுவுக்கென்று அரசு கொடுத்த பூட்ஸை அண்ணன் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினார். வாங்கி இரண்டு வருடமாகியும் பழகாத பூட்ஸ், முதல் திருப்பத்திலேயே காலைக் கடித்தது. நொண்டிக்கொண்டே பாதை பிரிகிற இடத்துக்கு வந்தார். மரத்தைக்கூடக் கூலி ஆட்களை அனுப்பித்தான் வெட்டியிருப்பார் போல; கொஞ்சம் தயங்கி, அகலமாக இருந்த இடது பாதையில் திரும்பினார். நான் வாயே திறக்கவில்லை.

அது இறைச்சிக்கடைக் கழிவு கொட்டுகிற பள்ளத்துக்குப் போகிற பாதை. கோழிக்குடல், இறகு, ஈ, கறுத்துப்போன தண்ணீர். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டார். மழையில் வழி மாறியிருக்கும் என்று ரொட்டிக்கடைக்காரர் முணுமுணுத்தார். அதிகாரி மருந்துக்கடைக்காரரை முன்னால் போகச் சொன்னார். அவர் தபால்காரரைப் பார்த்தார். ஊரில் எல்லா வீட்டுக்கும் வழி தெரிந்த தபால்காரர் தன் கால் விரலைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார், போனைக் கொடுத்த அன்று பார்த்த அதே பார்வை.

"வழி எனக்குத் தெரியும் சார். ஆறு பேருக்கும் சேத்து நான்தான் நடந்தேன். ஆறு போனும் என் பையிலதான் இருக்கும்," என்றேன்.

அண்ணன் பல்லைக் கடித்தார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அதிகாரி ஒன்பது அடிக்கட்டைகளையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு முடிவைச் சொன்னார். குழு கலைக்கப்படுகிறது. மூன்று மாதத்துக்குள் ஊர் கூடிப் புதுக் குழுவைத் தேர்ந்தெடுத்தால் உரிமை தப்பும். ஆறு பேரில் ஒருவரும் அதில் நிற்கக் கூடாது.

"நான் நடந்தேனே சார்," என்றேன். உண்மையைச் சொன்னால், ஒரு பாராட்டை எதிர்பார்த்துத்தான் கேட்டேன்.

அவர் அலுத்துப்போய்ச் சொன்னார்: "கோடு விட்டுப்போற ஊருக்குத்தான் நாங்க ஆள் அனுப்பிப் பாப்போம். உங்க ஊர்ல ஒரு வாரம்கூட ஒரு கோடுகூட விட்டதில்லம்மா. அதான் ரெண்டு வருஷமா யாரும் வரல. அஞ்சு போனை நீங்க வீட்டுலயே விட்டுட்டுப் போயிருந்தா, ரெண்டாம் மாசமே வந்திருப்போம்."

இவ்வளவு நாளும் அவர்களைப் பார்த்து வந்த குமட்டல் அப்போதுதான் நிஜமாகவே தொண்டைக்கு ஏறியது. பிசின் ஒட்டுகிற அடிக்கட்டையில் கையை ஊன்றி வாந்தி எடுத்தேன். யாரோ ஓடிவந்து என் தலையைப் பிடித்தார்கள். குனிந்தபடியே பார்த்தேன், பொத்தான் தைத்த அந்தக் கை. தட்டிவிட்டேன்.